ஜெபத்தில் சந்தோஷம் இல்லை என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களுக்கு

ஜனவரி கடைசி வாரம் வந்துவிட்டால் என் அறைக்கு ஒரு குறிப்பிட்ட வகைக் குற்றவுணர்ச்சி வரத் தொடங்கும். டிசம்பர் 31 இரவு ஆராதனையில், புது வருஷத்துக்கான வசனம் அச்சடித்த வாக்குத்தத்த அட்டை வாங்கி, வேதவாசிப்பு அட்டவணையை பைபிளுக்குள் மடித்து வைத்து, இந்த வருஷம் முழு வேதாகமத்தையும் முடித்தே தீருவேன் என்று ஆரம்பித்தவர்கள் இவர்கள். மொத்தம் 1189 அதிகாரம். நாளுக்கு மூன்று நான்கு என்று போனால் ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40 தாண்டி, சரியாக மாதக் கடைசியில் லேவியராகமத்தில் வந்து நிற்பார்கள். அங்கே பலிகளின் கொழுப்பும் குஷ்டரோகச் சட்டங்களும் ஆளை அசதியாக்கிவிடும். ஒருநாள் விட்டுப்போகும், அடுத்த நாள் ஏழு அதிகாரம் பாக்கி நிற்கும், அதற்கடுத்த நாள் பைபிளைப் பார்த்தாலே தலை குனியும்.

இதற்காக என்று யாரும் என்னிடம் வருவதில்லை. தூக்கம் இல்லை என்றோ, வீட்டுக்காரர் குடிக்கிறார் என்றோ, பிள்ளை பேசுவதில்லை என்றோ வருவார்கள். பேசி முடித்து எழுந்து, கதவுப் பிடியில் கை வைத்தபிறகு திரும்பி, "மேடம், இன்னொன்னு... ஜெபம் பண்ணவே பிடிக்கல, முன்ன இருந்த சந்தோஷம் போயிடுச்சு" என்பார்கள். சொல்லும்போது குரல் தானாகவே தாழ்ந்துவிடும். குடிகாரப் புருஷனைப் பற்றிச் சொல்ல வராத வெட்கம் இதைச் சொல்ல வரும்.

நான் பெரம்பூரில் மனநல ஆலோசகர். போதகர் இல்லை, இறையியல் படித்தவளும் இல்லை, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிற சாதாரண ஆள்தான். என்னிடம் வருகிற கிறிஸ்தவர்களில் சி.எஸ்.ஐ., கத்தோலிக்கர், லுத்தரன், பெந்தெகொஸ்தே எல்லாரும் உண்டு. ஐ.சி.எஃப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், காசிமேட்டில் மீன் எடுத்து விற்கிறவர், துறைமுகத்துக்குக் கண்டெய்னர் ஏற்றும் டிரெய்லர் ஓட்டுநர், கொருக்குப்பேட்டையிலிருந்து காலேஜுக்குப் போகும் பெண் என்று வடசென்னையின் எல்லா மூலையிலிருந்தும் வருவார்கள். கீழே வருகிறவர்களின் அடையாளத்தை மாற்றியிருக்கிறேன், சில இடங்களில் இரண்டு பேரை ஒருவராக்கியிருக்கிறேன்.

சொல்ல வருவது ஒன்றுதான். ஜெபத்தில் சந்தோஷம் வற்றிப்போனால் எடுத்த எடுப்பில் விசுவாசத்தைக் கூண்டில் ஏற்றாதீர்கள். முதலில் கண்ணைப் பாருங்கள், தூக்கத்தைப் பாருங்கள், ரத்தத்தைப் பாருங்கள், மனநிலையைப் பாருங்கள், அப்புறம் வாசிக்கிற விதத்தைப் பாருங்கள். நான் பார்த்தவரை சிக்கல் பெரும்பாலும் இந்த ஐந்தில் ஒன்றில்தான் இருக்கிறது, அது சரிசெய்யக்கூடியதாகவும் இருக்கிறது.

கண் என்று சொன்னால் சிரிக்கிறார்கள். நாற்பது வயது தாண்டியதும் கிட்டப் பார்வை தளருவது யாருக்கும் நடப்பது. ஆனால் நம் ஆட்கள் கண்ணாடி வாங்குவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போவார்கள். ஜிப் வைத்த கறுப்பு அட்டை பைபிள், கல்யாணத்துக்குக் கொடுத்தது, பொடி எழுத்து, அதையும் டியூப்லைட் வெளிச்சத்தில் கையை நீட்டிப் பிடித்து வாசிப்பார்கள். அரைப் பக்கத்தில் கண் வலிக்கும், தலை பாரமாகும், தூக்கம் சொக்கும். உடனே, "வேதத்தைத் திறந்தாலே தூக்கம் வருது மேடம், சத்துரு தடுக்கிறான்" என்பார்கள், சாத்தானைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். சத்துரு தடுக்கிறானா இல்லையா என்பதை ஒரு வாசிப்புக் கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாமே என்று நான் சொல்வேன். சர்க்கரை உள்ளவர்களுக்குப் பார்வை ஒருநாள் இருப்பதுபோல் இன்னொரு நாள் இருக்காது, அவர்கள் கண்டிப்பாகக் கண் மருத்துவரிடம் போக வேண்டும். பெரிய எழுத்து வேதாகமம் கிடைக்கிறது. அதை வாங்க வயதாகிவிட்டது என்று ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான் தடை.

அடுத்தது தூக்கம். அதிகாலை ஜெபம் நம் ஊரில் ஏறக்குறைய ஒரு கட்டளை மாதிரி ஆகிவிட்டது. நாலு மணிக்கு எழுந்து முழங்கால் போட்டவர்தான் ஜெபவீரர். இயேசு இருட்டோடே எழுந்து வனாந்தரத்துக்குப் போய் ஜெபித்தார் என்பது மாற்கு முதல் அதிகாரத்தில் இருக்கிறது, மறுக்கவில்லை. அதே மாற்கு நாலாம் அதிகாரத்தில், புயலில் படகு நிரம்பிக்கொண்டிருக்கும்போது அவர் பின்னணியத்தில் தலையணை வைத்துத் தூங்கினார் என்பதும் இருக்கிறது, அதை வைத்து யாரும் தூக்கக் கூட்டம் நடத்துவதில்லை.

காசிமேட்டிலிருந்து ஒரு அம்மா வந்தார். ஐம்பது வயதுக்கு மேல், கணவர் இல்லை. ஏலத்துக்கு நடுராத்திரி தாண்டியதும் எழுந்து போக வேண்டும், கூடையை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக விற்று முடிக்க மதியம் ஆகிவிடும். சாயங்காலம் பேரப்பிள்ளைகள், ராத்திரி ஒன்பதரைக்குப் படுக்கை. இதற்கு நடுவில் அதிகாலை ஜெபத்தை எங்கே வைப்பது? ஏலத்துக்குப் போவதற்கு முன்னால் ஒரு மணி நேரம் என்று யாரோ யோசனை சொல்லியிருக்கிறார்கள், அதையும் செய்து பார்த்திருக்கிறார். தூக்கம் மூன்று மணி நேரமாகிவிட்டது, ரத்த அழுத்தம் ஏறிவிட்டது, ஜெபத்தில் உட்கார்ந்தால் அழுகைதான் வருகிறது, அந்த அழுகை பரிசுத்த ஆவியின் அபிஷேகம் என்று நினைத்திருந்தார். அது களைப்பு.

அவருக்கு அதிகம் எழுத்து வாசிக்க வராது. பேத்தியின் உதவியோடு போனில் ஆடியோ வேதாகமம் போட்டுக்கொண்டோம். நேரத்தை மதியம் கூடை கழுவி, கை கழுவி, டீ குடித்து உட்காரும் நேரத்துக்கு மாற்றினோம். மதியம் ஜெபிக்கலாமா என்று தயங்கினார். "அந்திசந்தி மத்தியான வேளைகளிலும் நான் தியானம்பண்ணி முறையிடுவேன்" என்று 55ஆம் சங்கீதத்தில் இருப்பதை எடுத்துக் காட்டியபிறகுதான் முகம் தெளிந்தது. எட்டே வசனம் உள்ள 121ஆம் சங்கீதம் மட்டும், தினமும் அது ஒன்றே. அடுத்த முறை வந்தபோது "உன்னைக் காக்கிறவர் உறங்கார்" என்ற வரியைப் பிடித்துக்கொண்டிருந்தார். "அவரு தூங்காம பாத்துக்குறாரு, அப்புறம் நான் எதுக்கு மேடம் முழிச்சினு கெடக்கணும்?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார். எனக்குத் தெரிந்து அந்த வசனத்துக்கு இதைவிட நல்ல வியாக்கியானம் நான் பிரசங்கத்தில் கேட்டதில்லை. ஏப்ரல் 15இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கினால் 61 நாளும் அவருடைய பொழுதே மாறிவிடும், அப்போது ஜெப நேரமும் மாறும். மாறட்டும். பிழைப்பு மாறும்போது நேரம் மாறுவதை விசுவாசத்தில் பின்வாங்கிப்போனதாகக் கணக்கு எழுத வேண்டாம்.

இப்போது கொஞ்சம் கனமான விஷயம். வேதம் வாசிக்கப் பிடிக்கவில்லை என்று ஒருவர் சொன்னால் நான் அடுத்துக் கேட்பது வேதத்தைப் பற்றி இல்லை. ஞாயிற்றுக்கிழமை பிரியாணி ருசிக்கிறதா, பாடகர் குழுவில் பாடினால் முன்போல இருக்கிறதா, பேரன் ஓடிவந்து மடியில் விழுந்தால் மனசு அசைகிறதா, இதைத்தான் கேட்பேன். பிரியாணி ருசிக்கிறது, கிரிக்கெட் பார்க்கிறேன், வாட்ஸாப்பில் சிரிக்கிறேன், வேதம் மட்டும்தான் வறண்டிருக்கிறது என்றால் அது ஒரு வகை. எதுவுமே ருசிக்கவில்லை, எல்லாமே சாம்பலாக இருக்கிறது, அதோடு தூக்கமோ பசியோ கெட்டிருக்கிறது, எழுந்து குளிப்பதே மலைப்பாக இருக்கிறது, இப்படி இரண்டு வாரத்துக்கு மேல் நாள் முழுவதும் நீடிக்கிறது என்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். எதிலும் நாட்டம் அற்றுப்போவது அந்த நோயின் முக்கியமான இரண்டு அறிகுறிகளில் ஒன்று. ஜெபத்தில் நாட்டம் போவதும் அதற்குள் அடக்கம்தான். தைராய்டு குறைவாகச் சுரந்தாலும், ரத்தசோகை இருந்தாலும் கிட்டத்தட்ட இதே முகம் தெரியும். அதனால் நான் ரத்தப் பரிசோதனை எடுக்காமல் மேலே பேசுவதில்லை. நாற்பத்தைந்து வயதுப் பெண்மணி, எந்நேரமும் அசதி, உடம்பு பெருத்துக்கொண்டே போகிறது, முடி கொட்டுகிறது, "ஆவியில் அனலில்லை" என்கிறார் என்றால் முதலில் தைராய்டு பரிசோதனை, அப்புறம்தான் அனல்.

மாத்திரை சாப்பிட்டால் விசுவாசக் குறைவு என்று சொல்கிறவர்களுக்கு 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தைக் காட்டுவேன். எலியா தீர்க்கதரிசி, கர்மேல் மலையில் அக்கினி இறங்கப் பார்த்த மனிதர், ஒரு மிரட்டலுக்குப் பயந்து ஓடி, சூரைச்செடியின் கீழ் படுத்து, போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்கிறார். பதிலுக்கு வருவது பிரசங்கம் இல்லை. தூதன் தட்டி எழுப்புகிறான், தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் இருக்கிறது. சாப்பிட்டு மறுபடியும் தூங்குகிறார். திரும்பவும் எழுப்பி, சாப்பிடு, "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்கிறான். இரண்டு தூக்கம், இரண்டு சாப்பாடு, அதற்கப்புறம்தான் ஓரேப் மலைக்கு நடையும், மெல்லிய சத்தமும், பேச்சும். இந்த வரிசையை நம் ஜெபக்குழுக்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

சாக வேண்டும் என்ற எண்ணம் ஒருவருக்கு இருந்தால் உபவாச ஜெபம் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 14416 என்ற டெலி மனாஸ் மனநல உதவி எண் அரசாங்கம் நடத்துவது, இலவசம், எந்நேரமும் தமிழில் பேசலாம். ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, கீழ்ப்பாக்கத்தில் அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது. கீழ்ப்பாக்கம் என்றதும் முகத்தைச் சுளிக்கிற வழக்கத்தை நாம் விட்டு ரொம்ப நாளாகியிருக்க வேண்டும்.

இன்னொரு வகை இருக்கிறது, இதைத்தான் சபைகள் அதிகம் தவறாகப் புரிந்துகொள்கின்றன. வியாசர்பாடிப் பையன் ஒருவன், பன்னிரண்டாம் வகுப்பு. தினமும் இரண்டு மணி நேரம் அறையைப் பூட்டிக்கொண்டு ஜெபம். வீட்டில் எல்லாருக்கும் பெருமை, தாத்தா வழியில் இவனும் ஊழியத்துக்குப் போவான் என்று பேச்சு. உள்ளே நடந்தது வேறு. ஜெபத்தை முடித்து ஆமென் சொன்னதும், மனசு வைத்துச் சொன்னேனா என்று சந்தேகம், திரும்ப முதலிலிருந்து. நடுவில் அசிங்கமான ஒரு எண்ணம் குறுக்கே வந்துவிட்டால், மன்னிக்கவே முடியாத பாவம் செய்துவிட்டோமோ என்று உடம்பு நடுங்கும், அதற்கு மன்னிப்பு, அந்த மன்னிப்பு சரியாகக் கேட்கப்பட்டதா என்று இன்னொரு சுற்று. பத்து நிமிட ஜெபம் இப்படித்தான் இரண்டு மணி நேரம் ஆனது. இது ஓ.சி.டி., வேண்டாத எண்ணமும் அதை அடக்கத் திரும்பத் திரும்பச் செய்வதும் ஆளைப் பிடித்துக்கொள்கிற மனநோய். பக்தியின் உடையைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறது, அவ்வளவே. "இன்னும் அதிகமாக ஜெபி" என்று இவனிடம் சொல்வது நோய்க்குத் தீனி போடுவது. சந்தேகம் வந்தாலும் திரும்பச் சொல்லாமல், அந்தப் பதற்றத்தோடேயே எழுந்து வெளியே வந்து பழகுவதுதான் சிகிச்சை, தேவைப்பட்டால் கூடவே மருந்து. அவனுடைய போதகரும் நல்ல மனிதர், நான் பேசியபிறகு அவரே அவனைக் கூப்பிட்டு, ஒருமுறை சொன்னால் கேட்கிற தேவனைத்தான் நாம் கும்பிடுகிறோம், இரண்டாம் முறை சொல்லாதே என்று சொன்னார். அது என் பத்து அமர்வுக்குச் சமம். புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிவைத்த மார்ட்டின் லூத்தர் இளம் துறவியாக இருந்த காலத்தில் மணிக்கணக்காகப் பாவசங்கீர்த்தனம் செய்து, முடித்துப் போனபிறகும் ஏதோ விட்டுப்போனது என்று திரும்பி வந்து குருவானவரைக் களைப்படைய வைத்தவர்தான். ஆகவே இது புதிதும் இல்லை, கேவலமும் இல்லை.

உடம்பிலும் மனநிலையிலும் கோளாறு இல்லை, ஆனாலும் வறட்சி என்கிறவர்களிடம் நான் வாசிக்கிற விதத்தைக் கேட்பேன். அநேகமாக அங்கே ஒரு கணக்கு நோட்டு இருக்கும். எத்தனை அதிகாரம், எத்தனை நிமிஷம், எத்தனை நாள் விடாமல். கொருக்குப்பேட்டைப் பெண் வேதாகமச் செயலியில் ஒரு நாள்கூட விடாமல் பல மாதம் வைத்திருந்தாள், டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் படுத்தபோது அந்தச் சங்கிலி அறுந்து எண் மறுபடி ஒன்றுக்கு வந்துவிட்டது. வீட்டுக்கு வந்தபிறகு செயலியையே அழித்துவிட்டாள். "திரும்ப ஒண்ணுல இருந்து எண்ணணுமா மேடம்?" என்று கேட்டாள். அவள் அழுதது வேதம் வாசிக்க முடியாமல் போனதற்காக அல்ல, எண் போனதற்காக என்பது பேசப் பேச அவளுக்கே புரிந்தது. பழக்கம் எப்படிப் படிகிறது என்பதை லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. ஒரு பழக்கம் தன்னாலே நடக்கிற அளவுக்கு ஊற சராசரியாக 66 நாள், ஆளைப் பொறுத்து 18 நாளிலிருந்து 254 நாள் வரை என்று வந்தது. எனக்கு அதில் பிடித்த செய்தி வேறு: நடுவில் ஒருநாள் விட்டுப்போனதால் பழக்கம் படிவதில் சொல்லும்படி பாதிப்பு இல்லை. விட்ட நாளுக்காக அடுத்த நாள் ஏழு அதிகாரம் ஓடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ளலாம்.

பழைய பெரியவர்களுக்கும் இந்த வறட்சி தெரியும். அதே லூத்தருக்கு முடி திருத்துகிற பீட்டர் என்பவர், ஜெபம் எப்படிச் செய்வது என்று கேட்டிருக்கிறார். 1535இல் லூத்தர் அவருக்கு ஒரு நீண்ட கடிதமாகவே பதில் எழுதினார். எடுத்தவுடன் அவர் ஒத்துக்கொள்வது, வேலைகளிலும் வேறு நினைவுகளிலும் நானே ஜெபத்தில் குளிர்ந்துபோய் மகிழ்ச்சியற்றுப் போகிறேன் என்பதைத்தான். அப்போது என்ன செய்வார்? சங்கீதப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அறைக்கோ, ஜனங்கள் கூடியிருக்கும் கோயிலுக்கோ போய், கட்டளைகளையும் விசுவாசப் பிரமாணத்தையும் சங்கீதங்களையும் சின்னப் பிள்ளைகள் சொல்வதுபோல வாய்விட்டுச் சொல்லுவார். சொல்லிக்கொண்டு போகும்போது ஏதாவது ஒரு வரி உள்ளே பிடித்துக்கொண்டால், மீதியை விட்டுவிட்டு அங்கேயே இரு என்கிறார். கத்தி பிடித்திருக்கும் முடி திருத்துகிறவர் கவனத்தை அங்கே இங்கே விட்டால் வாடிக்கையாளரின் மூக்கும் வாயும் என்னவாகும் என்றும் அந்த பீட்டரிடமே கேட்கிறார், அந்தக் கிண்டலுக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

ஜார்ஜ் முல்லரை நம் பிரசங்கங்களில் அடிக்கடி கேட்டிருப்பீர்கள், பிரிஸ்டலில் ஆயிரக்கணக்கான அநாதைப் பிள்ளைகளை ஜெபத்தை நம்பியே வளர்த்தவர். 1841இல் அவர் எழுதிவைத்த ஒன்றை மட்டும் ஏனோ யாரும் சொல்வதில்லை. நாளின் முதல் வேலை தன் ஆத்துமா தேவனுக்குள் மகிழ்ச்சியாக இருக்கிறதா என்று பார்ப்பதுதான் என்கிறார். வருஷக்கணக்காக எழுந்ததும் ஜெபத்தில்தான் ஆரம்பித்திருக்கிறார், முதல் பத்து நிமிஷம், கால்மணி, சில நாள் அரைமணி வரை மனசு அலைந்துகொண்டே இருந்திருக்கிறது. பிறகு வரிசையை மாற்றினார். முதலில் வேதத்தை வாசித்து அதை அசைபோடுவது, அதிலிருந்து ஜெபம் தானாகக் கிளம்பும். நம்மில் பலர் இன்னும் பழைய வரிசையிலேயே, வெறும் மனசோடு முழங்கால் போட்டு, சொல்ல ஒன்றும் வராமல், தெரிந்த சொற்களையே சுற்றிச் சுற்றிச் சொல்லி எழுகிறோம்.

ஆகவே நான் சொல்லும் யோசனை ரொம்பச் சின்னது, கேட்கிறவர்களுக்கு ஏமாற்றமாகக்கூட இருக்கும். அட்டவணையை மூடி வையுங்கள். ஒரு சின்னச் சங்கீதம் எடுங்கள், 131 என்றால் மூன்றே வசனம், 13 என்றால் ஆறு. வாய்விட்டு, காது கேட்கும்படி, அவசரமில்லாமல் இரண்டு முறை. வாய்விட்டு வாசிப்பது சிறுபிள்ளை வேலை இல்லை. அப்போஸ்தலர் எட்டாம் அதிகாரத்தில் எத்தியோப்பிய மந்திரி ரதத்தில் உட்கார்ந்து ஏசாயாவை வாசிப்பது ஓடிவந்த பிலிப்புவின் காதில் விழுகிறது, அந்தக் காலத்தில் வாசிப்பு என்றால் பெரும்பாலும் அப்படித்தான். எந்த வரியில் நாக்கு தட்டுகிறதோ அங்கே நில்லுங்கள். அந்த வரியைப் பற்றி உங்களுக்குத் தோன்றுவதை ஆண்டவரிடமே சொல்லுங்கள், "இது எனக்குப் புரியவில்லை", "இதை நான் நம்பவில்லை" என்பதும் இதில் சேர்த்தி. பத்து நிமிஷத்தில் எழுந்துவிடுங்கள், இன்னும் கொஞ்சம் இருக்கலாம் என்று தோன்றும்போதே எழுந்தால் இன்னும் நல்லது. ஒரு வாரம் அதே சங்கீதம். போன் அடுத்த அறையில்.

டிரெய்லர் ஓட்டும் தம்பி ஒருவருக்கு இதையே மாற்குவை வைத்துச் சொன்னேன். எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றால் எப்போது நகரும் என்று யாருக்கும் தெரியாது, கேபினில் உட்கார்ந்து ரீல்ஸ் பார்த்துப் பார்த்துக் கண் எரிகிறது என்றார். 16 அதிகாரமே உள்ள சுவிசேஷம், ஒரு நேரத்துக்கு ஒரே ஒரு சம்பவம், வாசித்துவிட்டு அந்த இடத்தில் நீங்கள் நின்றிருந்தால் என்ன பார்த்திருப்பீர்கள் என்று யோசியுங்கள் என்றேன். அடுத்த முறை வந்தவர் சொந்தப் பிரச்சினையையே மறந்துவிட்டு யவீருவின் மகளைப் பற்றிப் பேசினார். "மேடம், பன்னெண்டு வயசுப் பொண்ணு செத்துப் பொழைச்சிருக்கு, எல்லாரும் வாயப் பொளந்துனு நிக்கிறாங்க, இவரு என்னடான்னா அதுக்கு சாப்பாடு குடுங்கன்றாரு. எங்க அம்மா மாதிரியே." இருபது வருஷமாக சர்ச்சுக்குப் போகிறவர், அந்த வரி அங்கே இருப்பது இப்போதுதான் கண்ணில் பட்டதாம். படகில் இருந்த தலையணையையும் அவர்தான் எனக்குக் காட்டினார். அதே புயலை மத்தேயுவும் லூக்காவும் சொல்கிறார்கள், தலையணையைச் சொல்வது மாற்கு மட்டும்தான். நான் போய்ச் சரிபார்த்தேன், சரிதான். சந்தோஷம் என்று நான் சொல்வது இதை. உடம்பு சிலிர்க்க வேண்டும், கண்ணீர் வர வேண்டும் என்று எதிர்பார்த்துக்கொண்டிருந்தால் இதைத் தவறவிட்டுவிடுவோம்.

இழப்பில் இருக்கிறவர்களுக்கு இதுகூடப் பாரமாக இருக்கும். மகனை விபத்தில் பறிகொடுத்த ஒரு தாய்க்கு வீட்டுச் சுவரில் தொங்கிய வாக்குத்தத்த வசனத்தைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வந்தது, கழற்றவும் பயம். கழற்றிப் பீரோவில் வையுங்கள், ஆண்டவர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்றேன். 88ஆம் சங்கீதத்தைக் கொடுத்தேன், ஆறுதலான ஒரு வரியும் கடைசியில் வராமல் இருட்டிலேயே முடிகிற சங்கீதம். "இப்படியும் பைபிள்ல இருக்கா?" என்றார். இருக்கிறது. "உம்முடைய வார்த்தைகள் என் நாவுக்கு எவ்வளவு இனிமையானவைகள்" என்று பாடுகிற அந்த 119ஆம் சங்கீதமே, தேனைப் பற்றிப் பேசுவதற்கு ரொம்ப முன்னால், என் ஆத்துமா மண்ணோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று சொல்லிவிடுகிறது. 176 வசனம் பாடிவிட்டு, காணாமற்போன ஆட்டைப்போல வழிதப்பிப்போனேன், தேடி வாரும் என்றுதான் முடிகிறது. தேன் வசனத்தை மட்டும் காலண்டரில் அச்சடித்தது நாம்.

இளம் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. பழைய மொழிபெயர்ப்பு புரியவில்லை என்றால் அதற்காக வெட்கப்படாதீர்கள். அதன் அடித்தளம் 18ஆம் நூற்றாண்டில் நம் வேப்பேரியில் இருந்து உழைத்த ஜெர்மன் மிஷனெரி ஃபெப்ரீஷியஸ் போட்டது, 1871இல் ஹென்றி பவர் என்பவர் தலைமையிலான குழு அதைத் திருத்திக் கொடுத்தது. அந்தத் தமிழ் வாய்விட்டுச் சொல்ல அழகு, எனக்கு உயிர். ஆனால் இங்கிலீஷ் மீடியத்தில் படித்த பிள்ளைக்கு அது இன்னொரு பாடம். இக்காலத் தமிழில் மொழிபெயர்ப்புகள் இருக்கின்றன, 1995இல் வந்த திருவிவிலியம் இருக்கிறது, வாசித்துப் புரிந்துகொள்ள அதை வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவின் பைபிளும் பக்கத்தில் இருக்கட்டும்.

குடும்ப ஜெபம் பற்றிக் கேட்பார்கள். ராத்திரி பத்து மணிக்கு, பிள்ளைகள் சொக்கிக்கொண்டிருக்கும்போது, அப்பா ஒரு முழு அதிகாரம் வாசித்து, ஜெபத்தோடு ஜெபமாக அன்றைக்குப் பிள்ளை செய்த குறும்பையும் ஆண்டவரிடம் போட்டுக்கொடுப்பது நம் வீடுகளில் சகஜம். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். ஜெபத்தில் திட்டு வாங்கிய பிள்ளைகள் இருபது வயதில் என் முன்னால் உட்கார்ந்து, கண்ணை மூடினாலே அப்பா குரல் கேட்கிறது என்கிறார்கள். சாப்பாட்டுக்கு முன்னால் ஐந்து நிமிஷம், ஒரு கீர்த்தனை, ஒரு பத்தி, பிள்ளை கேட்கும் கேள்விக்கு நேர்மையான பதில், தெரியாவிட்டால் தெரியாது. அவ்வளவு போதும்.

போதகர்கள், உபதேசியார்கள், பெண்கள் ஐக்கியத்தை நடத்துகிற அம்மாக்கள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். இந்த வாரம் யார் யார் தினமும் வேதம் வாசித்தீர்கள், கையைத் தூக்குங்கள் என்று கேட்பதை நிறுத்துங்கள், பொய் சொல்லித் தூக்குகிற கைகளை நான் மறுநாள் பார்க்கிறேன். ஜெபத்தில் சந்தோஷம் இல்லை என்று ஒருவர் உங்களிடம் வந்தால், தலையில் கை வைப்பதற்கு முன்னால் தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, கடைசியாகக் கண் எப்போது காட்டினீர்கள் என்று கேளுங்கள். பதில் சரியில்லை என்றால் ஜெபித்துவிட்டு எங்களிடமும் அனுப்புங்கள். மருந்தாலும் பேச்சாலும் தீராத கேள்விகளோடு வருகிறவர்களை நாங்களும் உங்களிடம்தான் அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.